வெள்ளோட்டம்: இதுவரை பறக்காத விமானத்தை எப்படி நம்புவது?

கோவை காந்திபுரத்துக்காரர்களுக்கு விமானம் புதிதல்ல. கிழக்கே பீளமேட்டில் பயணிகள் விமானங்கள் ஏறி இறங்குகின்றன. இன்னும் கிழக்கே போனால் சூலூரில் விமானப்படைத் தளம். அண்ணாந்து பார்க்கும் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். இந்த விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் முதல் நாள் என்று ஒன்று இருந்திருக்கும் அல்லவா? அன்று காலைவரை அது ஒருமுறைகூடத் தரையைவிட்டு எழும்பியதில்லை. புது பஸ் என்றால் டிப்போவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். கோளாறு தெரிந்தால் ஓரங்கட்டலாம். விமானத்தை மெதுவாகப் பறக்கவிட்டுப் பார்க்க வழியில்லை. வேகம் குறைந்தால் அது பறக்கவே பறக்காது. அப்படியிருக்க, எதை நம்பி அதை மேலே அனுப்புகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேட, ரேடியோவால் இயக்கப்படும் பெரிய மாதிரி விமானத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. விமானி தரையில் நிற்கிறார். உள்ளே யாரும் இல்லை. ஆனால் இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றுக்கு உள்ளே ஆள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். மொட்டைமாடி அறையில் மாதக்கணக்கில் பால்சா மரத்தை அறுத்து, ஒட்டி, உறை போர்த்திச் செய்த விமானமும், அரசு ஆயிரக்கணக்கான பொறியாளர்களைக் கொண்டு செய்த விமானமும் முதல் நாளில் ஒரே தேர்வைத்தான் எழுதுகின்றன.

அந்தத் தேர்வில் தேறும் முறையும் ஒன்றுதான். தரையிலேயே விடை கிடைக்கக்கூடிய கேள்விகளை எல்லாம் தரையிலேயே தீர்த்துவிட வேண்டும். மேலே போனால்தான் தெரியும் என்ற சில கேள்விகளை மட்டும் மேலே கொண்டுபோக வேண்டும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

கால் பங்கு புஷ்பக்

கணக்குப் போட நமக்கு ஒரு விமானம் வேண்டும். நம் நாட்டு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் வி. எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்ட புஷ்பக், 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரும் எளிய விமானம். உடலுக்கு மேலே ஒரே இறக்கை, மூக்கில் ஒரு பிஸ்டன் எஞ்சின், பின்னால் சிறிய வால்சக்கரம். நாட்டின் ஃப்ளையிங் கிளப்புகளில் பலர் இதில்தான் விமானம் ஓட்டக் கற்றார்கள்.

அதன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுமார் 11 மீட்டர். இறக்கைப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். ஆட்களும் எரிபொருளும் ஏறிய பிறகு எடை 600 கிலோவுக்குச் சற்று மேல். எல்லா நீளங்களையும் நான்கில் ஒன்றாகச் சுருக்கி ஒரு மாதிரி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இறக்கை 2.75 மீட்டர் நீளம் வரும். ஒற்றை இறக்கை விமானம் 80 அங்குலத்தை, அதாவது சுமார் 2 மீட்டரைத் தாண்டினாலே ஏரோமாடலிங்காரர்கள் அதை 'ஜெயண்ட் ஸ்கேல்' வகையில் சேர்ப்பார்கள். நம்முடையது அதையும் தாண்டிய விமானம்.

நீளம் நான்கில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்றாகும். கன அளவு அறுபத்து நான்கில் ஒன்றாகும். எடை கன அளவைப் பின்பற்றும். ஆகவே நம் மாதிரியின் இறக்கைப் பரப்பு 1 சதுர மீட்டர். எடை சுமார் 9.5 கிலோ. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் இவற்றிலிருந்துதான்.

சிறியது ஏன் துள்ளுகிறது?

சிறிய மாதிரி விமானங்கள் காற்றில் துள்ளித் துள்ளிப் போகும். பெரியவை நிதானமாக மிதந்து வரும். பெரியது கனமாக இருப்பதால்தான் இந்த நிதானம் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் சற்று ஆழமானது.

அசல் புஷ்பக்கில் ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏறத்தாழ 38 கிலோ சுமக்கிறது. நம் மாதிரியில் அது சுமார் 9.5 கிலோ, அதாவது கால் பங்கு. இறக்கை தரும் தூக்குவிசை, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். ஆகவே கால் பங்குச் சுமையைத் தூக்கப் பாதி வேகம் போதும். நீளம் கால் பங்காகிவிட்டது, வேகமோ பாதிதான் ஆகியிருக்கிறது. தன் உடல் நீளத்தைக் கடக்க மாதிரிக்கு ஆகும் நேரம், அசலுக்கு ஆவதில் பாதி. அதன் ஆட்டங்கள், சாய்வுகள், தடுமாற்றங்கள் எல்லாமே இரண்டு மடங்கு விரைவாக நடக்கும். பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் மூன்று மடங்குக்கும் அதிக விரைவு வரும். விமானி யோசித்து விரலை அசைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். பெரிய மாதிரி விமானத்தின் அருமை இங்கேதான் இருக்கிறது. அது விமானிக்கு நேரம் தருகிறது.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லியின் நீராவி மாதிரி விமானம் 1896 மே 6 அன்று போட்டோமாக் ஆற்றின் மேல் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் பறந்தது. அதன் இறக்கை விரிவு சுமார் 4 மீட்டர். ஆள் ஏறும் அளவுக்கு அதைப் பெரிதாக்கி 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் ஏவினார். இரண்டு முறையும் ஆற்றில் விழுந்தது. நீளத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். சிறியதில் தாங்கிய சட்டம் பெரியதிலும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லாங்லியின் இரண்டாவது தோல்விக்கு ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்கள் 12 விநாடி பறந்து காட்டினார்கள்.

எடை எங்கே நிற்கிறது?

முதல் நாளன்று விமானத்தைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான். மொத்த எடையும் குவிந்து நிற்பதுபோல் நடந்துகொள்ளும் புள்ளியை எடை மையம் என்போம். பறக்கவிடுபவர்கள் 'சிஜி' என்பார்கள். அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்பதே அந்த எண்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நேராகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் மூக்கை ஒரு காற்றலை சற்றே மேலே தூக்கிவிட்டது என்று கொள்வோம். உடனே இறக்கையிலும் வாலிலும் தூக்குவிசை கூடும். இப்படிக் கூடுதலாக வந்த விசை முழுவதும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட புள்ளியில் தாக்கும். அதை நடுநிலைப் புள்ளி என்று அழைப்போம். எடை மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், கூடுதல் விசை விமானத்தின் பின்பகுதியைத் தூக்கி மூக்கைத் தாழ்த்தும். விமானம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். எடை மையம் பின்னால் போய்விட்டால் அதே விசை மூக்கை இன்னும் மேலே தள்ளும். அதனால் விசை இன்னும் கூடும். மூக்கு இன்னும் எழும்பும். ஒரு விநாடிக்குள் விமானம் கைமீறிவிடும்.

பிரெஞ்சுக்காரர் அல்ஃபோன்ஸ் பெனோ இந்த உண்மையைச் செய்து காட்டினார். 1871 ஆகஸ்டில் பாரிஸ் நகரின் துய்லரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் இயங்கிய அவருடைய சிறு விமானம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது. எடையைச் சற்று முன்னால் வைத்ததும், பின்னால் ஒரு வால் இறக்கையைச் சரியான கோணத்தில் பொருத்தியதும்தான் அதன் ரகசியம்.

இப்போது நம் புஷ்பக்குக்கு வருவோம். பரப்பை நீளத்தால் வகுத்தால் இறக்கையின் அகலம் சுமார் 36 சென்டிமீட்டர் வருகிறது. இப்படிப்பட்ட விமானத்துக்கு அந்த அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை, அதாவது 9 முதல் 12 சென்டிமீட்டருக்குள், எடை மையம் இருப்பது வழக்கம். முதல் பறப்புக்கு முன்பக்கமே பத்திரம். 10 சென்டிமீட்டர் என்று முடிவு செய்வோம்.

அளப்பது எளிது. இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டரில், இரு பக்கமும் பென்சிலால் கோடு போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கமாக இருவர் அந்தக் கோட்டில் விரல் வைத்து விமானத்தைத் தூக்குங்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கவேண்டும். டேங்க் எடை மையத்துக்கு முன்னால் இருப்பதால், பெட்ரோல் தீரத் தீர விமானம் வால்பக்கம் கனக்கும். மோசமான நிலையில் அளந்தால்தான் அளவு நம்பகமானது.

தூக்கினால் வால் தாழ்கிறது. விரலை நகர்த்திப் பார்த்தால் 13 சென்டிமீட்டரில்தான் சமநிலை வருகிறது. 3 சென்டிமீட்டர் பின்னால்! 2.75 மீட்டர் விமானத்தில் 3 சென்டிமீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். அந்த 3 சென்டிமீட்டர் போதும், அத்தனை மாத உழைப்பையும் அரை நிமிடத்தில் குச்சிகளாக்க.

திருத்துவோம். எடையை, அது சமநிலைக் கோட்டிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். 9.5 கிலோ, 3 சென்டிமீட்டர்; பெருக்கினால் 28.5. இந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் ஈடுகட்ட வேண்டும். முதலில் புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதை நகர்த்திப் பார்ப்போம். உடலின் பின்பகுதியில் 300 கிராம் பேட்டரி இருக்கிறது. அதை 60 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்து எஞ்சின் தடுப்புக்குப் பின்னே கட்டினால் 0.3 பெருக்கல் 60, அதாவது 18 கிடைக்கும். மீதி 10.5. மூக்கு, சமநிலைக் கோட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. 10.5ஐ 40ஆல் வகுத்தால் சுமார் 0.26. ஆக, மூக்கில் 260 கிராம் ஈயம் வைத்துத் திருகால் இறுக்கவேண்டும். இப்போது மொத்த எடை 9.76 கிலோ. மீண்டும் தூக்கிப் பார்த்தால் விமானம் மட்டமாக நிற்கும்.

அழகாகச் செய்த விமானத்தில் கால் கிலோ ஈயத்தைத் திணிக்க யாருக்கும் மனம் வராது. 'இந்த ஒருமுறை பறக்கவிட்டுப் பார்ப்போமே' என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. முன்கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும், இறங்கும்போது சற்று வேகமாக வரும், ஆனால் இறங்கும். பின்கனத்த விமானம் பெரும்பாலும் இறங்குவதில்லை, விழுகிறது.

சூலூர் வானத்தில் ஒரு விதிவிலக்கு

எடை மையம் முன்னால் இருக்கவேண்டும் என்றால், அதை வேண்டுமென்றே மீறிய விமானம் ஒன்று கோவைக்காரர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். அதுதான் தேஜஸ். விமானப்படையின் முதல் தேஜஸ் படைப்பிரிவு 2016 ஜூலை 1 அன்று பெங்களூருவில் தொடங்கி, 2018இல் சூலூருக்கு வந்தது. இரண்டாவது பிரிவு 2020 மே 27 அன்று சூலூரிலேயே பணியில் சேர்ந்தது.

தேஜஸ் தானாக நிலைக்குத் திரும்பும் விமானமல்ல. அப்படித் திரும்பாத தன்மையால்தான் அது சட்டென்று திசைமாற முடிகிறது. மனிதக் கைகளால் அதை நேராகப் பிடித்து வைக்க இயலாது. ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும்படி நான்கு தடங்கள் கொண்ட கணினி அமைப்பு, விநாடிக்குப் பலமுறை அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

தேஜஸ் 1995 நவம்பர் 17 அன்று பொதுப்பார்வைக்குக் கொண்டுவரப்பட்டது. விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அதை முதலில் பறக்கவிட்டது 2001 ஜனவரி 4 அன்று. அந்தப் பறப்பு 18 நிமிடம். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பொருளாதாரத் தடைகளின் தாமதமும் உண்டு. தரைச் சோதனைகளின் பெரும் உழைப்பும் உண்டு. இறக்கையில்லாத ஒரு சட்டத்தில் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தையும் பொருத்தி, கணினி சொல்வதை அவை சரியாகச் செய்கின்றனவா என்று தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். பொறியாளர்கள் அதை 'இரும்புப் பறவை' என்கிறார்கள். 18 நிமிடத்துக்குப் பின்னால் அத்தனை ஆண்டுகள். நம் மாதிரிக்குக் கணினி இல்லை. அதனால் அதற்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, மூக்கில் இறுக்கிய ஈயம்.

வலமா, இடமா?

அடுத்த கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ரிமோட்டின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் விமானம் வலப்பக்கம் சாயுமா?

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்களை ஏலரான் என்பார்கள். வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது ஏலரான் மேலே எழ வேண்டும். இடது ஏலரான் தாழ வேண்டும். வலது பக்கம்தான் தாழப்போகிறது, ஆகவே மடலும் தாழவேண்டும் என்று மனம் தவறாகக் கணக்குப் போடும். சர்வோ எனப்படும் சிறு மோட்டாரை ரிமோட்டில் ஒரு பொத்தான் அழுத்தி எதிர்த்திசையில் சுழல வைக்கலாம். வசதியான அந்தப் பொத்தானே ஆபத்தும் ஆகிறது. மோட்டாரின் பக்கம் நின்று பார்த்தால் எல்லாம் அசைகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

இந்தத் தவறு பெரியவர்களையும் பலிவாங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபோர்டில் அவ்ரோ டியூடர் விமானத்தின் சோதனைப் பறப்பில் ஏறினார். பராமரிப்பின்போது ஏலரான் இணைப்புகள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன. கிளம்பிய உடனே விமானம் விழுந்தது, சாட்விக்கும் இறந்தார். 2018 நவம்பர் 11 அன்று போர்ச்சுகலில் பராமரிப்பு முடித்துக் கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் ஜெட்டிலும் ஏலரான் கேபிள்கள் மாறியிருந்தன. உள்ளே இருந்த ஆறு பேரும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு பேஜா விமானத்தளத்தில் உயிருடன் இறங்கினார்கள்.

ஆகவே முறை இதுதான். விமானத்தின் பின்னால், வால் பக்கம் நின்றுகொள்ளுங்கள். கைப்பிடி வலது: வலது ஏலரான் மேலே. கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்தால்: வாலின் கிடைமடலான எலிவேட்டர் மேலே. ரடர் வலது: செங்குத்து மடலின் பின்விளிம்பு வலப்பக்கம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள். பிறகு, விமானத்தைக் கட்டாத இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டியவர் கண்ணுக்கு இருக்கவேண்டியது தெரியும். மற்றவர் கண்ணுக்குத்தான் இருப்பது தெரியும்.

ஒவ்வொரு மடலையும் விரலால் பிடித்து உறுதியாக இழுத்தும் பார்க்கவேண்டும். கீல் ஆடினாலோ, இணைப்புக் கம்பி தளர்ந்திருந்தாலோ, வேகத்தில் அந்த மடல் படபடவென்று அதிர ஆரம்பிக்கும். அந்த அதிர்வு தானே வளர்ந்து மடலைப் பிய்த்தெறிந்துவிடும்.

ரேடியோ கைவிட்டால்?

இப்போதைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. ஓரிடத்தில் நிற்காமல் பல தடங்களில் தாவித் தாவிப் பேசுவதால், பக்கத்தில் இன்னொருவர் ரிமோட்டை இயக்கினாலும் குழப்பம் வராது. ஆனால் விமானத்துக்குள் ஆன்டெனாவை மறைக்கும் எஞ்சினோ கார்பன் குழாயோ இருந்தால் சமிக்ஞை பலவீனமாகும்.

இதையும் தரையிலேயே கண்டுபிடிக்கலாம். ரேடியோ அலையின் வலிமை, தூரம் இரட்டித்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே ரிமோட்டின் சக்தியை ஆயிரத்தில் ஒன்றாக்கினால், அது எட்டும் தூரம் ஏறக்குறைய முப்பதில் ஒன்றாகும். ரிமோட்டுகளில் இப்படிச் சக்தியைக் குறைக்கும் சோதனை வசதி உண்டு. அந்த நிலையில் முப்பது அடி எடுத்து வைத்து நடந்துபோய், எல்லா மடல்களும் தடங்கலின்றி அசைகின்றனவா என்று பார்க்கவேண்டும். எஞ்சினை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை. பெட்ரோல் எஞ்சினின் தீப்பொறி, ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பக்கூடும்.

பிறகு மிக முக்கியமான ஒன்று. இருவர் விமானத்தை இறுகப் பிடித்துக்கொண்டு எஞ்சின் ஓடும்போது, ரிமோட்டை அணைத்துவிடுங்கள். எஞ்சின் தானாகவே தணிந்து ஐடிலுக்கு வரவேண்டும். இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டின் பெயர் ஃபெயில்சேஃப். தொடர்பு அறுந்த விமானம் முழுவேகத்தில் ஊருக்குள் போகக் கூடாது என்பதற்காகவே இது.

கொங்கு நாட்டுக் காற்று

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில், 35 டிகிரி வெப்பத்தில், இங்குள்ள காற்று கடலோரத்துக் குளிர்ந்த காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக அடர்த்தி குறைந்திருக்கும். அதே தூக்குவிசை கிடைக்க 5, 6 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். புரொப்பல்லரின் இழுவையும் குறையும். கடற்கரையில் 50 மீட்டரில் எழும்பும் விமானம் இங்கே இன்னும் சற்று ஓடவேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் இந்த வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது இதனால்தான். நம் மாதிரி விமானம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். விமானிகள் 'ஸ்டால்' என்று சொல்லும் இந்நிலையைத் தூக்கிழப்பு என்போம். ஆனி, ஆடி மாதங்களில் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசி வீசி அடங்கும் காற்று, அந்த வேகத்தில் பாதிக்கும் மேல். காற்று திடீரென்று அடங்கும் ஒரு நொடியில் இறக்கைக்குக் கிடைக்கும் வேகம் கரைந்துவிடும்.

ஆகவே வெள்ளோட்டத்துக்கு ஏற்றது குளிர்காலத்து அதிகாலை. தரை சூடாகி, வெப்பக் காற்று மேலெழத் தொடங்குவதற்கு முன் இறங்கிவிட வேண்டும்.

எங்கே, எவ்வளவு உயரத்தில்?

9.76 கிலோ விமானம் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதிலுள்ள ஆற்றல், அதே எடையை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக்கு மேலிருந்து, கீழே போட்டால் தரையில் அடிக்கும் ஆற்றலுக்குச் சமம். அதன் முன்னே சுழலும் புரொப்பல்லர் வேறு. காந்திபுரம்போல் வீடும் கடையும் நெருங்கிய இடத்தில் இதை நினைத்தே பார்க்கக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு மேற்படாத விமானங்களை மாதிரி விமானம் என்று தனி வகையாக வைத்திருக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்படும் இடங்களில் 120 மீட்டர் உயரம்வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் 60 மீட்டர்தான். அதற்கும் நெருங்கினால் அனுமதி வேண்டும். பீளமேடு, சூலூர் இரண்டும் அருகருகே இருக்கும் கோவையில், வரைபடத்தைப் பார்க்காமல் இடம் தேடக் கூடாது. பதிவு பற்றிய விதிகளையும் அப்போதே படித்துவிடுங்கள்.

அன்னூர்ப் பக்கம்போல ஊரைவிட்டுத் தள்ளி, தென்னந்தோப்பும் மின்கம்பியும் இல்லாத, அறுவடை முடிந்த மேட்டாங்காடு நல்ல இடம். தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. எங்கே ஆள் வேலை செய்வார்கள், எங்கே மாடு கட்டியிருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆறு நிமிடம்

இனி மேலே போனால்தான் தெரியும் என்ற கேள்விகள் மட்டுமே மீதம்.

முதலில் தரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறோம். நேராகப் போகிறதா? பிறகு காற்றை எதிர்த்து நிறுத்தி, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைச் சிறிது சிறிதாகத் திறக்கிறோம். வேகமெடுக்கும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும். புரொப்பல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றித் திருகிக்கொண்டு போய், செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதுவதுதான் முக்கியக் காரணம். வலது ரடரைச் சற்றுக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். வால் எழும், சற்று ஓடியபின் சக்கரங்கள் தரையை விடும். செங்குத்தாக ஏற்றக் கூடாது. சாய்வாக, நிதானமாக ஏறி 60 மீட்டரை எட்டவேண்டும். ஒரு தவறு செய்து, அதைத் திருத்தப்போய் இன்னொரு தவறு செய்தாலும் மீள இடமிருக்கும் உயரம் அது.

விமானியின் கண் விமானத்தைவிட்டு அகலக் கூடாது. அதனால் பக்கத்தில் ஓர் உதவியாளர் நிற்கவேண்டும். 'காத்து மேக்கால இருந்து வருதுங்கண்ணா', 'அந்தப் பக்கம் ஆள் வர்றாங்கண்ணா' என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவர் வேலை.

கைப்பிடியை விட்டால் விமானம் ஒருபக்கம் சாய்ந்தால், ட்ரிம் பொத்தானால் அந்தச் சாய்வைத் தீர்க்கிறோம். அடுத்து, உயரத்திலேயே எஞ்சினைத் தணித்து, மூக்கை மெல்ல உயர்த்தி, தூக்கிழப்பு வரும்வரை வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறோம். மூக்கு நேராகத் தாழ்ந்தால் நல்லது. ஓர் இறக்கை சட்டென்று கவிழ்ந்தால், இறங்கும்போது வேகம் கூடுதலாக வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். இந்தப் பாடத்தை 60 மீட்டரில் கற்பவருக்கு நஷ்டமில்லை. 3 மீட்டரில் கற்பவருக்கு விமானமில்லை.

கடைசியாக எடை மையக் கணக்கின் நேர்ச் சோதனை. எஞ்சினைத் தணித்து மூக்கைச் சாய்த்துக் கையை விடுகிறோம். விமானம் தானாக மெல்ல நிமிர்ந்தால் கணக்கு சரி. வெடுக்கென்று நிமிர்ந்தால் முன்கனம் அதிகம். மேலும் மேலும் குத்திட்டால் பின்கனம். உடனே மீட்டு இறக்கவேண்டும்.

இறங்க வரும்போது விமானம் நம்மை நோக்கி வருகிறது. இடமும் வலமும் மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே கைப்பிடியைத் தள்ளினால் விமானம் மட்டமாகிவிடும். தூக்கிழப்பு வேகத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, சுமார் 53 கிலோமீட்டரில் இறக்கிக்கொண்டு வந்து, தரைக்குச் சற்று மேலே மூக்கை நிமிர்த்தினால் சக்கரம் தொடும். மொத்தம் ஆறு நிமிடம் போதும். பெட்ரோல் மீதமிருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

இறங்கிய பிறகு

கைதட்டல் அடங்கியதும் வேலை மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு திருகையும் கீலையும் எஞ்சின் பிடிப்பையும் பார்க்கவேண்டும்; பேட்டரி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கவேண்டும். ட்ரிம் எவ்வளவு வைத்தோம், தூக்கிழப்பில் எந்தப் பக்கம் சாய்ந்தது, எத்தனை கிராம் ஈயம் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதவேண்டும். இரண்டாவது பறப்புக்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

முதல் பறப்பைத் துணிச்சலின் கதையாகச் சொல்வது நம் வழக்கம். உண்மையில் அது பொறுமையின் கதை. தரையில் நன்றாகச் சோதிக்கப்பட்ட விமானத்தின் வெள்ளோட்டத்தில் பரபரப்பாக எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. லேத் பட்டறையும் பம்புசெட்டும் பொறியியல் கல்லூரிகளும் நிறைந்த கோவையில், ஒரு சுழல்சக்கரத்தைச் சமன்செய்யாமல் மோட்டாரில் மாட்டக் கூடாது என்பதை அறிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விமானம் கட்டவும் அதே ஒழுக்கம் போதும். கட்ட விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனியாகத் தொடங்காதீர்கள், அனுபவமுள்ள ஒருவரைத் தேடிப் போங்கள். அவர் உங்கள் விமானத்தைத் தூக்கிப் பார்த்து, 'இன்னும் கால் கிலோ ஈயம் வைப்பா' என்று சொன்னால், மறுபேச்சில்லாமல் வையுங்கள்.